காட்பாடி – ஜோலார்பேட்டை சிமுலேட்டர் ரூட்: உயரக் கணக்கு தவறியதும் பாதை மறுபடி போடப்பட்டதும்

பின்னணி

வேலூர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து, ரயில் சிமுலேட்டரில் ஓட்டுவதற்காகத் தங்கள் ஊர்ப் பாதையைக் கணினியில் உருவாக்க முனைந்தார்கள். இருவர் பொறியியல் மாணவர்கள். ஒருவர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்ப்பவர், முப்பரிமாண மாடல் செய்வதில் தேர்ந்தவர். நான்காமவர் பணி ஓய்வு பெற்ற லோகோ பைலட். இந்தப் பாதையில் பல ஆண்டுகள் எஞ்சின் ஓட்டியவர். ஒருவர் பெயரும் இங்கே தேவையில்லை. அவர்கள் செய்ததும், அது ஏன் முதல் முறை தப்பியது என்பதும் இந்த வேலையில் இறங்கும் மற்றவர்களுக்குப் பயன்படும்.

அவர்கள் எடுத்துக்கொண்டது இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் ரெயில்ஸ். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவத்தையே இதுவும் படிக்கும். ரூட் போட டிஎஸ்ஆர்இ என்ற எடிட்டர். இந்த வடிவத்தில் நிலம் 2048 மீட்டர் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சதுரத்திலும் 8 மீட்டருக்கு ஒரு புள்ளியில் உயரம் பதிவாகும். இந்த 8 மீட்டர் என்ற எண் பின்னால் பல இடங்களில் வேலை வைக்கிறது.

முதலில் அரக்கோணத்திலிருந்தே தொடங்க நினைத்தார்கள். அளவு பெரிதாகப் போகும் என்று தெரிந்ததும் காட்பாடி முதல் ஜோலார்பேட்டை வரை சுமார் 84 கிலோமீட்டர் மெயின் லைனும், காட்பாடியிலிருந்து பாலாற்றைத் தாண்டி வேலூர் கண்டோன்மென்ட் வரையிலான விழுப்புரம் கிளைப் பாதையும் போதும் என்று சுருக்கினார்கள். இது நல்ல தேர்வு. லத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி, ஆம்பூர், வாணியம்பாடி என்று போகும் மெயின் லைன் இரட்டைப் பாதை, தொடர்ந்து மேடேறுவது. கிளைப் பாதை ஒற்றை லைன், நடுவில் பெரிய ஆற்றுப் பாலம். இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால் தமிழ்நாட்டின் எந்தச் சமவெளிப் பாதையையும் செய்துவிடலாம்.

முதல் முறை போட்ட விதம்

நில உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் தரவை இறக்கினார்கள். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது அது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதன் மேல் இணைய வரைபடத்திலிருந்து ரயில் பாதையின் கோட்டைப் பதித்து, அந்தக் கோட்டிலேயே டிராக் துண்டுகளை வரிசையாக வைத்தார்கள். உயரத்தைப் பற்றித் தனியாக யோசிக்கவில்லை. தரை எங்கே இருக்கிறதோ அங்கே தண்டவாளமும் இருக்கட்டும் என்பதே முறை.

டிராக் போட்ட கையோடு காட்சிப் பொருள்களும் ஏறின. பல தண்டவாளங்கள் பிரியும் காட்பாடி யார்டு, ஆம்பூர் நிலையக் கட்டடம், தென்னந்தோப்புகள், தூரத்தில் ஜவ்வாது மலை என்று அச்சக நண்பர் உழைத்த உழைப்பு பெரிது. படமாகப் பார்க்க மிக அழகாக இருந்தது.

ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தவை

மூன்று குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றுக்கும் வேர் ஒன்று என்பது உடனே புலப்படவில்லை.

முதலாவது, பாலாற்றுப் பாலம். வேலூர்ப் பக்கம் போகும் மெமு (மின்சாரப் பயணிகள் வண்டி) பாலத்தின் முனையில் இறங்கி, நடுவில் தாழ்ந்து, மறுகரையில் ஏறியது. ரேடாருக்கு ஆற்றின் மணல்படுகைதான் தரை. பாலம் ஒல்லியானது, 30 மீட்டர் புள்ளிகளில் அது பதிவாகாது. பாலத்தின் மாடலைக் கையால் தூக்கி நிறுத்திச் சமாளித்தார்கள். அப்போது பாலத்தின் இரு முனையிலும் டிராக்கில் முறிவு விழுந்தது.

இரண்டாவது, கூட்ஸ் வண்டி. 58 பாக்ஸ்என் (திறந்த சரக்கு) வேகன்களுடன், சுமார் 4700 டன் எடையில், டபிள்யூஏஜி-9 எஞ்சின் போட்டு ஓட்டினால் குடியாத்தத்துக்கு முன்னால் ஓரிடத்தில் வேகன்களை இணைக்கும் கப்ளர் அறுந்தது. எஞ்சின் கோப்பில் பிழை இருக்கும் என்று நினைத்து மாணவர்கள் இழுவிசை எண்களை மாற்றிப் பார்த்தார்கள். பலனில்லை. கப்ளரின் வலிமையைக் கூட்டி வைத்தால் அறுபடவில்லை, ஆனால் வண்டி முழுக்க முன்னும் பின்னும் இடித்துக்கொண்டே போனது.

மூன்றாவதைக் கண்டவர் லோகோ பைலட். திரையில் வேகமானியைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, லத்தேரி தாண்டினா இப்படி ஏறி இறங்காதுப்பா. நான் இங்க பவரை எடுத்துட்டு கோஸ்டிங் விட்டா வண்டி ஒரே சீரா வேகம் குறையும். இது மூச்சு வாங்குற மாதிரி போகுது."

"சார், சேட்டிலைட் டேட்டா இப்படித்தான் காட்டுது" என்றார் மாணவர்.

"டேட்டா எதையோ காட்டட்டும். எஞ்சினுக்கு ஏத்தம் தெரியும்."

காரணம்

அந்த இடத்தின் டிராக் உயரங்களை வரிசையாக எழுதி வரைபடமாக்கியபோது விஷயம் வெளிப்பட்டது. பாதை பற்கள் போல ஏறி இறங்கியது. கப்ளர் அறுந்த இடத்தில் சுமார் 200 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் ஏறி, அடுத்த 200 மீட்டரில் அதே 5 மீட்டர் இறங்கியது. அதாவது 40-க்கு 1 ஏற்றம், 40 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுவது. செயற்கைக்கோள் படத்தில் அங்கே பாதையின் இரு பக்கமும் அடர்ந்த தென்னந்தோப்பு. எஸ்ஆர்டிஎம் காட்டுவது வெறும் தரை அல்ல. மரங்களும் கட்டடங்களும் நிற்கும் மேற்பரப்பு. பாலாற்றுப் பள்ளத்தாக்கில் தோப்புகளுக்குக் குறைவில்லை என்பதால் இந்தப் பிழை வழி நெடுகக் கிடந்தது.

காட்பாடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 215 மீட்டர். ஜோலார்பேட்டை ஏறக்குறைய 410. 84 கிலோமீட்டரில் 195 மீட்டர் ஏற்றம் என்றால் சராசரி 430-க்கு 1. ஆங்காங்கே இதைவிடச் செங்குத்தாக இருக்கலாம். ஆனால் 40-க்கு 1 என்பது மலைப் பாதைக் கணக்கு, இந்தப் பாதையில் அதற்கு இடமே இல்லை.

வண்டிக்கு வண்டி நோய்க்குறி மாறியதற்கும் காரணம் உண்டு. 58 பாக்ஸ்என் வேகன் சுமார் 620 மீட்டர் நீளம். 200 மீட்டர் மேட்டில் ஏறும்போது வண்டியின் ஒரு பகுதி ஏற்றத்திலும் ஒரு பகுதி இறக்கத்திலும் இருக்கும். மொத்தத்தில் ஏற்றமும் இறக்கமும் கழிந்துவிடும், வண்டி நிற்காது. ஆனால் உச்சியில் இருக்கும் கப்ளரை முன்னால் இறங்கும் 19 வேகன்களும் பின்னால் ஏறும் 19 வேகன்களும் எதிரெதிரே இழுக்கும். 19 வேகன் என்றால் 1500 டன்னுக்கு மேல். 40-க்கு 1 சரிவில் அது சுமார் 370 கிலோநியூட்டன். அந்த எஞ்சினின் தொடக்க இழுவிசையே சுமார் 460 கிலோநியூட்டன் என்பதோடு ஒப்பிட்டால், கப்ளர் ஏன் அறுந்தது என்பது விளங்கும். எட்டுப் பெட்டி மெமுவோ 200 மீட்டருக்குள் அடங்கிவிடும். முழு வண்டியும் ஒரே சரிவில் நிற்பதால் அதில் வேகம் ஏறி இறங்குவது மட்டுமே தெரியும். லோகோ பைலட் கண்டது அதைத்தான்.

இன்னொரு பிழையும் அப்போது அகப்பட்டது. மாணவர்களில் ஒருவர் வேலூர் கண்டோன்மென்ட் உயரத்தை ஃபோனில் ஜிபிஎஸ் செயலி வைத்து எடுத்திருந்தார். ஜிபிஎஸ் நேரடியாகத் தருவது பூமியின் வடிவத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். தமிழ்நாட்டின் இந்தப் பகுதியில் அது கடல் மட்ட உயரத்தைவிட 85 முதல் 95 மீட்டர் வரை குறைவாக இருக்கும். சில செயலிகள் திருத்திக் காட்டும், சில காட்டாது. எஸ்ஆர்டிஎம் உயரமோ கடல் மட்டக் கணக்கில் வருவது. இரண்டையும் கலந்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

எடுத்த முடிவுகள்

தரவைச் சல்லடையிட்டு மேடுகளை மழுக்கலாம் என்பது ஒரு யோசனை. அதைத் தள்ளிவிட்டார்கள், அது சரியான முடிவு. மழுக்கினால் பற்கள் மறையும். ஆனால் உண்மையான ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் சேர்ந்து மறையும். லோகோ பைலட்டுக்கு வேண்டியது அந்த இடம்தான்.

தரைக்கு ஏற்பப் பாதை என்ற முறையைக் கைவிட்டு, பாதையின் உயரத்தைத் தனியாகக் கணக்கிட்டு முடித்தபின் தரையை அதற்கு இழுத்து வைப்பது என்று தீர்மானித்தார்கள். நிஜத்திலும் அப்படித்தானே நடந்தது. பொறியாளர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தில் மண்ணைக் கொட்டித்தான் பாதை போட்டார்கள்.

ஏற்கெனவே போட்ட டிராக்கை அங்கேயே தூக்கி இறக்கித் திருத்துவதா, புதிதாகப் போடுவதா என்பதில் வாதம் நடந்தது. புதிதாகப் போடுவதே முடிவானது. சிக்னல், பிளாட்பாரம், வேகப் பலகை, கிலோமீட்டர் கல் எல்லாம் டிராக் டேட்டாபேஸில் 'இந்தத் துண்டின் தொடக்கத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்றே பதிவாகும். துண்டின் நீளம் மாறினால் அத்தனையும் இடம் தவறும். சில அநாதைப் பதிவுகளாக உள்ளே தங்கி, பிறகு ரூட்டே திறக்காமல் போகும். வெற்றுப் பிரதியில் தொடங்கினால் அந்தத் தொல்லை இல்லை. வைத்த கட்டடங்கள் எல்லாம் அந்தரத்தில் நிற்கும் அல்லது மண்ணில் புதையும் என்பது இதற்குக் கொடுத்த விலை. அச்சக நண்பருக்கு அது மிகுந்த வருத்தத்தைத் தந்தது. மாடல்கள் வீணாகவில்லை, அவற்றை வைத்த இடங்களே வீணாயின.

தகவல் திரட்டலில் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். தண்டவாளத்தில் இறங்குவது கிடையாது. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அது குற்றம். அதைவிட, இரட்டைப் பாதையில் வேகமாக வரும் மின்சார வண்டியின் ஓசை காதுக்கு எட்டும்போது நேரம் கடந்திருக்கும். பயணச்சீட்டு வாங்கி, ஜன்னலிலிருந்தும் பிளாட்பாரத்திலிருந்தும் தெரிவது மட்டுமே போதும் என்று வகுத்தார்கள். போதுமானதாகவே இருந்தது.

பாதை மறுபடி போடப்பட்ட முறை

உயரத்துக்கு அடிப்படை நிலையத்தின் மஞ்சள் பெயர்ப் பலகை. ஊர்ப் பெயருக்குக் கீழே எம்எஸ்எல் என்று கடல் மட்ட உயரம் எழுதியிருக்கும். அந்தப் பலகைகளைப் படமெடுத்து, ஒரு விரிதாளில் கிலோமீட்டர் வாரியாக எழுதினார்கள். நிலையத்துக்கு நிலையம் உள்ள வித்தியாசமே முக்கியம் என்பதால், எல்லாவற்றிலும் ஒரே அளவு பிசகு இருந்தாலும் கணக்கு கெடாது.

நிலையங்களுக்கு இடையே கிரேடியன்ட் போஸ்ட். சரிவு மாறும் இடத்தில் நட்டிருப்பார்கள். கை மேல்நோக்கி இருந்தால் ஏற்றம், கீழ்நோக்கி இருந்தால் இறக்கம், அதன் மேல் எண். சமதளத்துக்கு 'எல்' என்ற எழுத்து. ஓடும் வண்டியிலிருந்து எண்ணைப் படிக்க வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே வழி. காலை வெயில் எதிரே அடிக்காத பக்கம் உட்கார வேண்டும்.

எந்தக் கிலோமீட்டரில் அந்தப் போஸ்ட் என்பதற்கு, மேலே செல்லும் மின்கம்பியைத் தாங்கும் ஓஎச்ஈ மாஸ்டின் எண் உதவும். கிலோமீட்டர் எண்ணும் அதற்குள் வரிசை எண்ணும் ஒவ்வொரு மாஸ்டிலும் எழுதியிருக்கும். இரட்டைப் பாதையில் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. நேர்ப் பாதையில் மாஸ்டுக்கு மாஸ்ட் அதிகபட்சம் 72 மீட்டர். வளைவு இறுக இறுக 4.5 மீட்டர் படியாகக் குறையும். சிமுலேட்டரில் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் மாஸ்ட் நட்டால் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பொய்யாகத் தெரியும். வளைவில் கம்பி தண்டவாளத்தை விட்டு வெளியே போவதும் அதனால்தான்.

இனிக் கணக்கு. இரண்டு நிலையங்கள் 8 கிலோமீட்டர் தூரம், எம்எஸ்எல் வித்தியாசம் 16 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு நிலைய யார்டிலும் அரை அரைக் கிலோமீட்டரைச் சமதளமாக விட வேண்டும். யார்டில் 1200-க்கு 1 என்பதே விரும்பத்தக்க சரிவு, 400-க்கு 1-ஐத் தாண்டவே கூடாது. மீதி 7 கிலோமீட்டர். போஸ்டுகளிலிருந்து எடுத்தது: 150-க்கு 1 ஏற்றம் 1.8 கிலோமீட்டர், 300-க்கு 1 ஏற்றம் 1.5 கிலோமீட்டர், மீதி 3.7 கிலோமீட்டர் சமதளம். கூட்டினால் 12-ம் 5-ம் சேர்ந்து 17 மீட்டர். ஒரு மீட்டர் அதிகம். இதை எங்கே கழிப்பது? போஸ்டில் எழுதிய சரிவு எண்ணை நம்பலாம். ஜன்னலிலிருந்து எடுத்த நீளத்தில்தான் பிசகு வரும். எனவே 150-க்கு 1 ஏற்றத்தின் நீளத்தை 150 மீட்டர் குறைத்து, அதைச் சமதளத்தில் சேர்த்தால் சரியாக 16 வந்துவிடும். ஒவ்வொரு நிலைய இடைவெளியையும் இப்படித் தனித்தனியாக முடித்ததால் பிசகு அடுத்த இடைவெளிக்குத் தாவவில்லை.

சரிவு மாறும் இடத்தில் முனை தெரியக் கூடாது. முதல் தரப் பாதையில் செங்குத்து வளைவின் ஆரம் குறைந்தது 4000 மீட்டர். சமதளத்திலிருந்து 150-க்கு 1 ஏற்றத்துக்கு மாற இதன்படி சுமார் 27 மீட்டர் நீளம் வேண்டும். அதை மூன்று சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

கிடைமட்ட வளைவை அளக்கச் செயற்கைக்கோள் படம். வளைவின் இரு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடு போட்டு, நடுவில் தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவே வெர்சைன். நாண் நீளத்தின் வர்க்கத்தை வெர்சைனின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம். முதலில் 200 மீட்டர் நாண் எடுத்தார்கள். 1000 மீட்டர் ஆரத்துக்கு வெர்சைன் 5 மீட்டர்தான். படத்தில் ஒரு மீட்டர் தவறினால் ஆரம் 1250 ஆகிவிடும். 400 மீட்டர் நாணில் வெர்சைன் 20 மீட்டர். அதே ஒரு மீட்டர் தவறு சுமார் 5 சதவீதம்தான். குறுகிய வளைவாக இல்லாவிட்டால் நீண்ட நாணே நல்லது. ரயில்வேயில் வளைவை டிகிரியில் சொல்வார்கள். 1750-ஐ மீட்டர் ஆரத்தால் வகுத்தால் டிகிரி. கணக்கில் 1.9 என்று வந்தால் அது பெரும்பாலும் 2 டிகிரிதான், 875 மீட்டர் ஆரம்.

யார்டில், ஒரு தண்டவாளம் இன்னொன்றிலிருந்து பிரியும் பாயின்ட்ஸை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 12-க்கு 1 கோணத்தில் பிரியும் டர்னவுட்டின் ஆரம் 441 மீட்டர், 8.5-க்கு 1 என்றால் 232 மீட்டர். சிமுலேட்டரோடு வரும் வெளிநாட்டுத் துண்டுகள் இவற்றோடு பொருந்தா. இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அவையோ 1435-க்குச் செய்தவை. அகலத்தை மட்டும் இழுத்து நீட்டினால் டர்னவுட்டின் கோணம் கெடும். அகலப் பாதைக்கென்றே செய்த துண்டுகளைத் தேடி எடுத்தார்கள்.

தரையைப் பாதைக்கு இழுத்தபோது 8 மீட்டர் புள்ளிகள் மறுபடி குறுக்கே வந்தன. தரையைப் பாதையின் மட்டத்திலேயே வைத்தால், புள்ளிகளுக்கு இடையிலான முக்கோணங்கள் ஜல்லிக்கு மேல் துருத்திக்கொண்டு வரும். தண்டவாளத்தின் அடியிலிருந்து சுமார் அரை மீட்டர் கீழே தரையை நிறுத்தி, இடைவெளியை ஜல்லிச் சரிவின் மாடலால் மறைத்தார்கள். வாய்க்கால் போன்ற ஒல்லியானவற்றைத் தரையில் தோண்ட முடியாது. அவற்றுக்கும் மாடல்தான். பாலாற்றில் மட்டும் நேர்மாறு. அங்கே பாதையைச் சமமாக விட்டு, கீழே படுகையைத் தரவில் இருந்ததைவிடத் தாழ்த்தினார்கள். 2000-க்குப் பிறகு அள்ளிப்போன மணலை அந்த ரேடார் அறியாது. வேலூர்க்காரர்கள் எல்லோரும் அறிவார்கள்.

சிக்னலில் ஒரே மாற்றம். முன்னறிவிப்பு மட்டும் தரும் டிஸ்டன்ட் சிக்னலை, நிலையத்துக்குள் நுழைவைக் கட்டுப்படுத்தும் ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வைத்து, அதில் சிவப்பே வராதபடி எழுதினார்கள். முதல் பிரதியில் அது சிவப்பு காட்டி வண்டியை நிறுத்தியது.

என்ன நடந்தது

கூட்ஸ் வண்டி கப்ளர் அறாமல் ஜோலார்பேட்டை போய்ச் சேர்ந்தது. கப்ளரின் வலிமையை முன்பிருந்த அளவுக்கே குறைத்த பிறகும் அறவில்லை. ஆகவே எஞ்சின் கோப்பில் குறை இல்லை என்பதும் உறுதியானது. பாலம் மட்டமானது.

நேரத்தைச் சரிபார்க்கும்போது அட்டவணையை நம்பவில்லை. ஜங்ஷனுக்கும் கடைசி நிலையத்துக்கும் முன்னால் தாமதத்தை ஈடுகட்டக் கூடுதல் நிமிடங்கள் சேர்த்திருப்பார்கள் என்பதால் அது ஓட்ட நேரமாகாது. நிஜ வண்டியில் உட்கார்ந்து நிலையத்துக்கு நிலையம் கடிகாரத்தில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான இடைவெளிகள் நெருக்கமாக வந்தன. காட்பாடி யார்டுக்குள் நுழையும் பகுதி மட்டும் பொருந்தவில்லை. அங்கே உண்மையான வேகக் கட்டுப்பாடுகள் ஜன்னலிலிருந்து தெரியாது.

லோகோ பைலட் வாணியம்பாடிப் பக்கம் ஓட்டிப் பார்த்து, தாம் வழக்கமாகப் பவரைக் குறைக்கும் இடத்திலேயே குறைத்தார். வண்டி அவர் எதிர்பார்த்தபடி வேகம் இழந்தது. குழு இதையே தேர்ச்சியாக எடுத்துக்கொண்டது. எந்த எண்ணையும்விட இது நம்பகமான சோதனை என்பது என் கருத்தும்.

தீராதவையும் உண்டு. தென்னந்தோப்பு நிறைந்த சதுரங்களில் மரங்களின் எண்ணிக்கையால் படம் திணறுகிறது. பாதையிலிருந்து தள்ளி உள்ள தரை இன்னும் எஸ்ஆர்டிஎம் மேடுகளோடேயே இருக்கிறது. சாலை மேம்பாலங்களுக்கு அருகே அது கண்ணுக்குத் தெரிகிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

கிளைப் பாதையை முதலில் முழுதாக முடித்திருக்க வேண்டும். காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரை சுமார் பத்து கிலோமீட்டருக்குள் ஆறு, யார்டு, ஒற்றை லைன் எல்லாம் வந்துவிடுகின்றன. உயரப் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். 84 கிலோமீட்டர் டிராக்கைக் கழற்ற நேர்ந்திராது.

காட்சிப் பொருள் வைப்பவர் டிராக் உறுதியாகும் வரை மாடல் மட்டும் செய்ய வேண்டும். ரூட்டில் வைக்கக் கூடாது. டிராக் உறுதியானது என்பதற்கு அளவுகோல்: முழு நீளக் கூட்ஸ் ஒன்றும் மெமு ஒன்றும் வெறும் தரையில், மரமில்லாமல், இரு திசையிலும் ஓடி முடித்திருக்க வேண்டும்.

லோகோ பைலட்டை முதல் நாளே சோதனை ஓட்டத்துக்கு உட்கார வைத்திருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு காட்டலாம் என்று அவரைக் காக்க வைத்தார்கள்.

கிலோமீட்டர் விரிதாள் ரூட் கோப்புறைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கிலோமீட்டர், எம்எஸ்எல், சரிவு, வளைவு டிகிரி, பாலம் அல்லது கேட், தகவல் எங்கிருந்து வந்தது என்ற ஆறும் வேண்டும். கடைசி நிரலை இந்தக் குழு முதலில் வைக்கவில்லை. பலகையில் படித்த உயரம் எது, வரைபடத்திலிருந்து ஊகித்தது எது என்று பின்னர் பிரிக்க முடியாமல் மேல்பட்டி – ஆம்பூர் இடைவெளியில் மறுபடி வண்டியேறிப் போக வேண்டியதாயிற்று. இப்போது சித்தூர் வழியாகப் பாகாலா போகும் பாதைக்கு அதே விரிதாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். எடிட்டரை இன்னும் திறக்கவில்லை.